வாசகர் கேள்வி, வங்கியாளர் பதில்: கும்பகோணத்தின் வங்கி

கடந்த சில வாரங்களில் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியைப் பற்றியோ, அதைப் போன்ற பழைய தனியார் வங்கிகள் நடைபெறும் விதத்தைப் பற்றியோ எழுதப்பட்டவை. ஆகவே இம்முறை அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

மறைந்த என் பாட்டனாரின் மரப்பெட்டியில், 'கும்பகோணம் பாங்க் லிமிடெட்' என்று அச்சிடப்பட்ட 1956-ஆம் ஆண்டின் வைப்புச் சீட்டு ஒன்று கிடைத்தது. அப்படி ஒரு வங்கி இப்போது இல்லையே. அது மூழ்கிவிட்டதா? பணம் கிடைக்குமா?
– தஞ்சாவூர் வாசகி

மூழ்கவில்லை. நீங்கள் தேடும் வங்கி உங்கள் ஊரிலேயே வேறு பெயர்ப்பலகையோடு இருக்கிறது.

1904-ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று கும்பகோணத்தைச் சேர்ந்த இருபது பேர் கையெழுத்திட்டுப் பதிவு செய்த நிறுவனம் அது. ஆர். சந்தானம் ஐயர், எஸ். கிருஷ்ண ஐயர், வி. கிருஷ்ணசாமி ஐயங்கார், டி.எஸ். ராகவாச்சாரியார் ஆகியோர் அந்த இருபதில் அடங்குவர். 1957-இல் காமன்வெல்த் வங்கி என்ற சிறிய வங்கியின் சொத்துகளையும் பொறுப்புகளையும் அது ஏற்றுக்கொண்டது. அதன் வழியாக ஆடுதுறை, குடவாசல், வலங்கைமான், ஜெயங்கொண்டசோழபுரம், அரியலூர் ஆகிய ஐந்து ஊர்களின் கிளைகள் வந்து சேர்ந்தன. 1965-இல் சிட்டி ஃபார்வர்டு வங்கி, யூனியன் வங்கி என்ற இரண்டு வங்கிகள் இதனோடு இணைந்தன. அவற்றின் பெயர்களிலிருந்து ஒவ்வொரு சொல்லை எடுத்துக்கொண்டு, 'கும்பகோணம் சிட்டி யூனியன் வங்கி' என்று புதுப்பெயர் வைக்கப்பட்டது. கோயில் நகரம் ஒன்றில் பிறந்த வங்கிக்கு இந்த ஆங்கிலப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டு எழுதியிருந்த மற்ற வாசகர்களுக்கும் இதுவே விடை. பொதுத்துறையிலுள்ள யூனியன் பாங்க் ஆஃப் இந்தியாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1987 டிசம்பரில் ஊர்ப்பெயரும் நீக்கப்பட்டுச் சிட்டி யூனியன் வங்கி என்று சுருங்கியது.

அந்த 1965 இணைப்பைத் தனியாகப் பார்க்கக் கூடாது. 1960-இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி வீழ்ந்ததில் ஏராளமான சிறு வைப்பாளர்கள் தவித்தார்கள். அதன் பிறகுதான், தனித்து நிற்க வலுவில்லாத சிறு வங்கிகளைப் பெரியவற்றோடு சேர்க்கும் வேகம் நாடு முழுவதும் கூடியது. வைப்புகளுக்குக் காப்பீடு என்ற ஏற்பாடும் 1962 ஜனவரி முதல் தேதியன்று அதே காரணத்தால்தான் வந்தது.

இனி உங்கள் சீட்டு. பெயர் மாறினாலும் சட்டப்படி நிறுவனம் ஒன்றேயாதலால், நிலுவையிலுள்ள பணத்துக்கு அந்த வங்கியே பொறுப்பு. ஆனால் சீட்டு கையில் இருப்பதாலேயே பணம் எடுக்கப்படவில்லை என்று முடிவு செய்துவிட முடியாது. தொலைந்துவிட்டதாக எழுதிக்கொடுத்துப் பணம் பெற்ற பிறகு, பழைய சீட்டு வேறொரு பெட்டியில் அகப்படுவதை என் பணிக்காலத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். பத்து ஆண்டுகளாக யாரும் கோராத வைப்புகளை வங்கிகள் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றிவிடுகின்றன. 2014 முதல் இது நடைமுறை. அவ்வாறு மாற்றப்பட்ட பிறகும் வைப்பாளரின் உரிமை அழிவதில்லை. ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் தொடங்கிய 'உத்கம்' இணையதளத்தில் பாட்டனாரின் பெயரை இட்டுத் தேடிப் பாருங்கள். அங்கே பெயர் தென்பட்டாலும் தென்படாவிட்டாலும், சீட்டின் நகல், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றுடன் கிளைக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். பெருந்தொகையை எதிர்பார்க்க வேண்டாம். நிதிக்கு மாறிய வைப்புக்கு 2021 மே மாதத்திலிருந்து ஆண்டுக்கு 3 சதவீதத் தனிவட்டிதான். ஆயினும் அது உங்கள் குடும்பத்தின் பணம்; கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

இந்த வங்கியின் முதல் கிளை எங்கள் ஊரில்தான் திறக்கப்பட்டது என்று படித்தேன். ஆனால் அது 1930-ஆம் ஆண்டு. தொடங்கி இருபத்தைந்து ஆண்டுகள் வரை கிளையே இல்லாமல் எப்படி ஒரு வங்கி நடந்தது?
– மன்னார்குடி, கல்லூரி மாணவர்

1930 ஜனவரி 24 அன்று மன்னார்குடியில் திறக்கப்பட்டது என்பது சரியே. அதற்கு முன்பு இவ்வங்கி முகவர்களை வைத்துக்கொண்டு, தஞ்சை மாவட்டத்துக்குள்ளேயே தொழில் செய்தது.

இந்த நிதானத்தின் அருமை புரிய வேண்டுமானால் அந்தக் காலத்தைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். வங்கி பிறந்து இரண்டு ஆண்டுகளில், 1906 அக்டோபரில், சென்னையின் புகழ்பெற்ற ஆர்பத்நாட் நிறுவனம் திவாலானது. ஆங்கிலேயர் நடத்திய நிறுவனம், அசையாது என்று நம்பி ஓய்வூதியக்காரர்களும் கைம்பெண்களும் மிராசுதார்களும் போட்டுவைத்த பணம் போயிற்று. அந்த அதிர்ச்சியிலிருந்துதான் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயரின் முயற்சியால் 1907-இல் இந்தியன் வங்கி தோன்றியது. வங்கி என்ற சொல்லுக்கே மக்கள் அஞ்சிய அந்த நாளில், கும்பகோணத்தில் இரண்டே வயதான ஒரு சிறு வங்கி தப்பிப் பிழைத்தது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி. கடன் வாங்குபவரின் நிலம் எங்கே, கடை எங்கே, அவர் சொல் எவ்வளவு பெறும் என்பது இயக்குநர்களுக்கு நேரில் தெரிந்திருந்த எல்லைக்குள் தொழிலை வைத்துக்கொண்டது அதற்குப் பெரிதும் உதவியிருக்கும் என்பது என் கருத்து.

மன்னார்குடிக்குப் பின்னும் அவசரம் இல்லை. நாகப்பட்டினம், சன்னாநல்லூர், ஐயம்பேட்டை, திருக்காட்டுப்பள்ளி, திருவாரூர், மணப்பாறை, மாயூரம், பொறையாறு ஆகிய இடங்களுக்குப் பரவ இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. இவற்றில் மணப்பாறை நீங்கலாக மற்றவை நெல்லும் ஆறும் சேர்ந்த ஊர்கள். இதற்கிடையே 1945 மார்ச் 22 அன்று இவ்வங்கி ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டுக்கு வெளியே முதல் கிளை 1980 செப்டம்பரில், பெங்களூரின் மல்லேஸ்வரத்தில்.

1969-இல் வங்கிகள் நாட்டுடைமையானபோது இந்த வங்கி எப்படித் தப்பியது?
– திருச்சிராப்பள்ளி வாசகர்

சிறியதாக இருந்ததால். 1969 ஜூலையில் 50 கோடி ரூபாய்க்கு மேல் வைப்பு வைத்திருந்த 14 வங்கிகளும், 1980 ஏப்ரலில் 200 கோடிக்கு மேல் வைத்திருந்த 6 வங்கிகளும் அரசுடைமையாயின. கும்பகோணம் சிட்டி யூனியன் அந்த வரம்புகளுக்குக் கீழே இருந்தது. கரூர் வைசியா, தூத்துக்குடியின் தமிழ்நாடு மெர்க்கன்டைல் ஆகியவையும் அவ்வாறே தனியார் வங்கிகளாக நீடித்தன. இன்று சிட்டி யூனியனின் கிளைகள் 800-ஐத் தாண்டிவிட்டன. வைப்பும் கடனும் சேர்த்து வணிகம் ஒரு லட்சம் கோடி ரூபாயைக் கடந்துள்ளது. அப்படியிருந்தும் நாட்டின் பெரிய தனியார் வங்கிகளோடு ஒப்பிட்டால் இது நடுத்தர அளவுதான்.

நான் பித்தளைப் பாத்திர வியாபாரி. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய்க்கு விற்பனை. சி.சி. கணக்கு (சரக்கின் பேரில் வேண்டியபோது எடுத்துக் கட்டும் ரொக்கக் கடன்) கேட்டால் எவ்வளவு கிடைக்கும்? மாதாமாதம் சரக்குப் பட்டியலும் கேட்டு, வீட்டுப் பத்திரத்தையும் ஏன் கேட்கிறார்கள்? இவ்வளவு ஈடு வாங்கும் வங்கிக்கு என் மேல் நம்பிக்கை இல்லை என்றுதானே பொருள்?
– கும்பகோணம் வாசகர்

உங்கள் மனக்குறை எனக்குப் புரிகிறது. இந்த வகை வங்கிகளின் உயிர்நாடியே உங்களைப் போன்றவர்களுக்குக் கொடுக்கும் கடன்தான் என்பதால், விரிவாகவே சொல்கிறேன்.

சிறு தொழில்களுக்கான நடைமுறை மூலதனத்தை, அதாவது அன்றாட வியாபாரம் நடக்க வேண்டிய பணத்தை, கணக்கிட, பி.ஆர். நாயக் தலைமையிலான குழு தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பரிந்துரைத்த எளிய முறையே இன்றும் பெரிதும் பின்பற்றப்படுகிறது. ஆண்டு விற்பனையில் நான்கில் ஒரு பங்கு சரக்கிலும் கடன்பாக்கியிலும் முடங்கியிருக்கும் என்று கொள்வார்கள். அதில் விற்பனையின் 5 சதவீதத்தை நீங்கள் போட வேண்டும். 20 சதவீதத்தை வங்கி தரும். ஒரு கோடி விற்பனைக்கு 25 லட்சம் தேவை என்று வைத்தால், உங்கள் கைப்பணம் 5 லட்சம், வங்கியின் வரம்பு 20 லட்சம்.

வரம்பு 20 லட்சம் என்று எழுதிக்கொடுத்தாலும், அதை முழுவதும் எடுக்க முடியுமா என்பதை உங்கள் சரக்குப் பட்டியல்தான் முடிவு செய்கிறது. கடையிலிருக்கும் சரக்கு, வரவேண்டிய பாக்கி இவற்றைக் கூட்டி, நீங்கள் மொத்த வியாபாரிக்குத் தரவேண்டியதைக் கழித்து, மீதியில் ஒரு பகுதியை உங்கள் பங்காக ஒதுக்கிவிட்டு, எஞ்சியதையே அந்த மாதத்தில் எடுக்கலாம். கிளையில் இதை 'டிராயிங் பவர்' என்பார்கள். தீபாவளிக்கு முன் கடை நிரம்பியிருக்கும்போது அது உயரும். ஆனி, ஆடியில் இறங்கும். பட்டியலைத் தராமல் விட்டால் கணக்கே ஒழுங்கற்றதாகிவிடும். தொடர்ந்து 90 நாள்கள் கணக்கு ஒழுங்கில்லாமல் இருந்தால் விதிப்படி அது வாராக்கடன். அதன்பின் மேலாளர் உங்களை எவ்வளவு நன்றாக அறிந்திருந்தாலும் அவர் கையில் ஒன்றுமில்லை.

வீட்டுப் பத்திரத்துக்கு வருகிறேன். குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரை ஈடு கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-இலேயே விதித்தது; 2026 ஏப்ரல் முதல் வழங்கும் கடன்களுக்கு அந்த வரம்பு 20 லட்சம். 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய கடன் உத்தரவாத நிதியத்தின் கீழ் அதற்கு மேலும் ஈடின்றிக் கடன் பெற வழி உண்டு. எனவே பத்திரம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உங்களைத் திருப்பி அனுப்பினால், உத்தரவாதத் திட்டத்தில் பரிசீலிக்குமாறு எழுத்தில் கேளுங்கள். எனினும் சிட்டி யூனியன் போன்ற வங்கிகள் சரக்கை முதல் ஈடாகவும், வீடோ கடையோ நிலமோ ஒன்றைத் துணை ஈடாகவும் வைத்துக் கடன் தருவதையே நெடுங்காலமாக விரும்பி வந்துள்ளன. பல வங்கிகள் கூடிப் பெருநிறுவனங்களுக்குத் தரும் கூட்டுக் கடன்களை விட, தனியாகவே கணக்கை வைத்துக்கொள்ளும் சிறு வியாபாரிகளைத்தான் அவை நாடுகின்றன. குடியிருக்கும் வீட்டை எழுதிக்கொடுத்தவர் எப்பாடுபட்டாவது கடனைக் கட்டுவார் என்பது அவர்களுடைய அனுபவம். இதை நம்பிக்கையின்மை என்று நான் சொல்ல மாட்டேன். உங்களுக்குத் தரும் 20 லட்சம் வங்கியுடையதன்று, பக்கத்துத் தெருவின் ஓய்வுபெற்ற ஆசிரியர் போட்டுவைத்த வைப்பு என்பதை மேலாளர் மறக்கக் கூடாதல்லவா? அதே நேரத்தில், 20 லட்சம் கடனுக்கு ஒரு கோடி மதிப்புள்ள வீட்டை ஈடாகக் கேட்பது நியாயமில்லை; அதை மறுத்துப் பேச உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இன்னொன்று. நீங்கள் தரும் வட்டி முழுவதும் வங்கியின் இலாபமன்று. வாங்கும் வைப்பில் 18 சதவீதத்தை அரசுப் பத்திரம் முதலியவற்றில் வைத்தாக வேண்டும். ரிசர்வ் வங்கியில் வட்டியின்றி வைக்க வேண்டிய ரொக்க இருப்பும் உண்டு, அது 2025-இல் 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. கொடுக்கும் கடனில் 40 சதவீதம் விவசாயம், சிறுதொழில் போன்ற முன்னுரிமைத் துறைகளுக்குப் போக வேண்டும். பெரிய வங்கிகளுக்கு இந்த 40 சதவீதம் எட்டிப்பிடிக்க வேண்டிய இலக்கு. டெல்டாவில் வேர்கொண்ட வங்கிக்கோ அது அன்றாட வியாபாரம்.

நகைக் கடனை முழுவதுமாக அடைத்துப் பதினைந்து நாள்கள் ஆகியும், எங்கள் ஊரிலுள்ள ஒரு வங்கிக் கிளையில் நகையைத் தராமல் அலைக்கழித்தார்கள். இதற்கு விதியே இல்லையா?
– பாபநாசம் வட்டம், விவசாயி

விதி இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட தங்க, வெள்ளி அடகுக் கடன் நெறிமுறைகளின்படி, கடன் அடைபட்ட அன்றே, அல்லது அதிகம் போனால் ஏழு வேலை நாள்களுக்குள் நகையைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. 2026 ஏப்ரல் முதல் தேதிக்குள் எல்லா நிறுவனங்களும் இவற்றை நடைமுறைப்படுத்த வேண்டும் என்பது கெடு. முதலில் கிளை மேலாளருக்கு எழுதுங்கள். 30 நாள்களில் தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குக் கட்டணமின்றிப் புகார் அனுப்பலாம்.

அதே நெறிமுறைகளில், குடும்பச் செலவுக்காக வாங்கும் நகைக் கடன் இரண்டரை லட்சம் வரை நகை மதிப்பில் 85 சதவீதமும், ஐந்து லட்சம் வரை 80 சதவீதமும், அதற்கு மேல் 75 சதவீதமும் என்று வரம்பு வகுக்கப்பட்டுள்ளது. முன்பு பொதுவாக 75 சதவீதமே உச்சம். வீட்டுச் செலவுக்கு மூக்குத்தி, வளையலைக் கொண்டுவரும் குடும்பங்களுக்கு இது உதவும். ஆனால் ஆண்டு முடிவில் மொத்தமாகக் கட்டும் கடன்களில், கட்டவேண்டிய வட்டியையும் சேர்த்தே இந்த வரம்பைக் கணக்கிட வேண்டும் என்பதால், கையில் வரும் தொகை நீங்கள் நினைப்பதைவிடச் சற்றுக் குறையும்.

கரூரின் லட்சுமி விலாஸ் வங்கியும் பழைய வங்கிதானே? அது மட்டும் ஏன் வீழ்ந்தது? இதுபோல மற்றவையும் வீழாதா?
– ஈரோடு வாசகர்

வருத்தத்தோடு எழுதும் பதில் இது. 1926 நவம்பரில், வி.எஸ்.என். ராமலிங்கம் செட்டியார் தலைமையில் கரூர் வணிகர்கள் எழுவர் தொடங்கிய வங்கி, 94 ஆண்டுகள் வாழ்ந்து 2020 நவம்பர் 27-இல் சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியின் இந்தியத் துணை நிறுவனத்தில் கரைந்துபோயிற்று.

ஜவுளி வியாபாரிக்கும் விவசாயிக்கும் கொடுத்து வளர்ந்த அவ்வங்கி, பின்னாளில் பெருநிறுவனக் கடன்களில் இறங்கியது. நூறு வியாபாரிகளில் நால்வர் தவறினால் வங்கி தாங்கும். நூறு வியாபாரிகளுக்குரிய பணத்தை ஒருவரிடமே கொடுத்து அவர் தவறினால் தாங்காது. ரெலிகேர் என்ற நிதிச்சேவைக் குழுமத்தைச் சேர்ந்த ஒரு நிறுவனம் வைத்திருந்த வைப்புகளை ஈடாகக் கொண்டு, அதன் உரிமையாளர்களாக இருந்தவர்களின் நிறுவனங்களுக்குக் கடன் கொடுத்த விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. 2020 மார்ச் இறுதியில் மொத்தக் கடனில் 25.39 சதவீதம் வாராக்கடன். நட்டத்தைத் தாங்க வங்கி வைத்திருக்க வேண்டிய சொந்த மூலதனத்தின் விகிதம் குறைந்தது 9 சதவீதம் இருக்க வேண்டும்; இருந்ததோ 1.12 சதவீதம். 2019 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி அதைச் சீர்திருத்த நடவடிக்கையின் கீழ்க் கொண்டுவந்திருந்தது. அடுத்த மாதம் இந்தியாபுல்ஸ் என்ற வீட்டுக்கடன் நிறுவனத்தோடு இணையும் திட்டத்துக்கு ஒப்புதல் மறுத்தது. 2020 செப்டம்பர் பொதுக்குழுவில் நிர்வாக இயக்குநர் உட்பட ஏழு இயக்குநர்களைப் பங்குதாரர்களே வாக்களித்து வெளியேற்றினார்கள். நவம்பர் 17 அன்று தடைக்காலம் அறிவிக்கப்பட்டு, 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்ற நிலை வந்தது. பத்தே நாளில் இணைப்பு முடிந்து, வைப்பாளர்களின் பணம் காசு குறையாமல் காப்பாற்றப்பட்டது. பங்குதாரர்களின் முதலீடோ முழுவதும் துடைத்தழிக்கப்பட்டது; வங்கி வெளியிட்டிருந்த 318 கோடி ரூபாய் அளவிலான கடன்பத்திரங்களும் அவ்வாறே. ஊர்ப்பற்றினால் தலைமுறை தலைமுறையாகப் பங்கு வைத்திருந்த கரூர்க் குடும்பங்களுக்கு அது எப்படிப்பட்ட அடி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மற்றவை வீழாதா என்று உறுதிமொழி கேட்டால், எந்த வங்கிக்கும் அதை யாரும் தர முடியாது. ஆண்டறிக்கையில் நான் முதலில் தேடுவது இலாபத்தை அன்று. மிகப்பெரிய இருபது கடனாளிகளிடம் மொத்தக் கடனில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்ற ஒரு வரியைத்தான். எல்லா வங்கிகளும் அதை வெளியிட்டாக வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு அது ஏறிக்கொண்டே போனால், அந்த வங்கி தான் அறிந்த தெருவை விட்டு வெளியேறுகிறது என்று கொள்ளுங்கள்.

வைப்புக் காப்பீடு ஐந்து லட்சம் என்கிறார்கள். ஒரே வங்கியின் மூன்று கிளைகளில் ஐந்தைந்து லட்சம் போட்டால் பதினைந்துக்கும் காப்பீடு உண்டா?
– நாகப்பட்டினம் வாசகி

இல்லை. ஒரு வங்கியில் ஒருவருக்கு, எல்லாக் கிளைகளிலும் உள்ள அசலும் வட்டியும் சேர்த்தே ஐந்து லட்சம். 1962-இல் 1,500 ரூபாயாகத் தொடங்கிய இந்த வரம்பு, 1993-இல் ஒரு லட்சமாகி, 2020 பிப்ரவரியில்தான் ஐந்து லட்சமாயிற்று. காப்பீட்டுக் கட்டணத்தை வங்கியே செலுத்துகிறது.

2018-இல் சிட்டி யூனியன் வங்கியின் பணம் இணையத் திருடர்களால் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டதாமே? வாடிக்கையாளர் கணக்குகளிலிருந்தா எடுத்தார்கள்?
– சென்னை வாசகர்

வாடிக்கையாளர் கணக்குகளிலிருந்து அன்று. வெளிநாட்டு வங்கிகளில் நம் வங்கிகள் தத்தம் பெயரில் கணக்கு வைத்திருக்கும். அவற்றிலிருந்து பணம் அனுப்பும் உத்தரவு 'ஸ்விஃப்ட்' என்ற தகவல் வலையமைப்பின் வழியே செல்லும். அதற்குள் நுழைந்தவர்கள், வங்கி அனுப்பாத மூன்று உத்தரவுகளை அனுப்பினார்கள்: துபாய்க்கு 5 லட்சம் டாலர், துருக்கிக்கு 3 லட்சம் யூரோ, சீனாவுக்கு 10 லட்சம் டாலர். பிப்ரவரி 7 அன்று காலையில் கணக்குகளைச் சரிபார்த்தபோது முரண்பாடு தெரியவந்தது. துபாய்த் தொகை தடுக்கப்பட்டுத் திரும்பிவிட்டது. மற்ற இரண்டையும் மீட்க வங்கி தூதரகங்களின் உதவியோடு முயன்றது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் வங்காளதேசத்தின் மத்திய வங்கியிலிருந்து 8 கோடியே 10 லட்சம் டாலர் பறிபோனதும் இதே வழியில்தான். கும்பகோணத்தில் நட்டம் ஓரளவோடு நின்றதற்குக் காரணம், முந்தைய நாளின் வரவு செலவை மறுநாள் காலையில் ஒத்துப்பார்க்கும் பழைய பழக்கம். கணினி வருவதற்கு முன், பேரேட்டில் ஒரு பைசா உதைத்தாலும் இரவு ஒன்பது மணிவரை உட்கார்ந்து தேடிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான்; எனக்கு அந்தச் செய்தி மிகுந்த நிறைவளித்தது. அதே ஆண்டு ஏப்ரல் இறுதிக்குள் ஸ்விஃப்ட் அமைப்பை மையக் கணினியோடு இணைத்தாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் ஆணையிட்டது.

இந்த வங்கியின் முதலாளி யார்? தலைமையகம் சென்னைக்குப் போய்விட்டதா?
– மயிலாடுதுறை வாசகர்

முதலாளி என்று ஒருவர் இல்லை. பங்குகள் பல்லாயிரம் பேரிடமும் நிதி நிறுவனங்களிடமும் பரவியுள்ளன. எந்தத் தனியார் வங்கியிலும் 5 சதவீதத்துக்கு மேல் பங்கு வாங்க ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும். எவ்வளவு பங்கு வைத்திருந்தாலும் வாக்குரிமை 26 சதவீதத்தைத் தாண்டாது. தலைமையகம் போகவில்லை. பதிவு அலுவலகம் கும்பகோணத்தின் டி.எஸ்.ஆர். பெரிய தெருவில் இருக்கிறது.